நடந்து வருகிறவர்களுக்கு மட்டும்

டிசம்பர் பிறந்த முதல் நாளே அந்த நகரத்தின் நடு மைதானத்தில் கிறிஸ்துமஸ் சந்தை கூடிவிடும். இருநூற்றுச் சொச்சம் கடைகள். பலகை அடித்து, மேலே தார்ப்பாய் இழுத்துக் கட்டி, ஒரே வாரத்தில் சந்து சந்தாக எழும்பிவிடும். நட்சத்திரத்துக்கு ஒரு சந்து, மெழுகுவர்த்திக்கு ஒரு சந்து, பொம்மைக்கு, கம்பளித் தொப்பிக்கு, கேக்குக்கு என்று தனித்தனிச் சந்துகள். நடுவில் மூன்று மாடி உயரத்தில் ஒரு கிறிஸ்துமஸ் மரம். அந்த மரத்தடியில் ஆறு படி ஏறிப் போகிற மாதிரி ஒரு மரக் கூண்டு. மூன்று பக்கமும் கண்ணாடி. உள்ளே ஒரு மைக், பேட்டரியில் ஓடும் ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு நாற்காலி, யாரோ தொலைத்துவிட்டுப் போன சாமான்களை வைக்க ஓர் அலமாரி. பதினோரு வருஷமாக அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்து பேசியவள் மைக்கக்கா.

சம்பளப் பட்டியலில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் சந்தையில் ஒருவரும் வாயைத் திறக்கமாட்டார்கள். மைக்கக்கா என்றால் பொம்மைக் கடைக்காரரிலிருந்து குப்பை அள்ளுகிறவர் வரை கையை நீட்டிக் கூண்டைக் காட்டிவிடுவார்கள்.

வருஷம் முழுக்க அவளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. வெளிநோயாளிகளை டோக்கன் எண் சொல்லிக் கூப்பிட வேண்டும். டிசம்பரில் மட்டும் காலை ஷிஃப்டை வாங்கிக்கொண்டு, மதியம் மூன்று மணிக்குச் சந்தைக்கு வந்துவிடுவாள். தேன் சொட்டுகிற குரல் என்றெல்லாம் சொல்ல முடியாது. கொஞ்சம் கட்டைக் குரல்தான். ஆனால் அந்தக் குரலைக் கேட்டால், பதறிக்கொண்டு நிற்கிற ஆள் தன்னை அறியாமல் ஒரு மூச்சு விட்டுவிட்டு உட்கார இடம் தேடுவார். வலியோடு காத்திருக்கிறவர்களிடம் இருபது வருஷம் பேசிப் பேசி வந்த குரல் அது.

அவள் இந்த வேலைக்கு மனு போட்டு வந்தவள் இல்லை. அப்போது அவள் மகளுக்கு ஐந்து வயது. நட்சத்திரம் வாங்க வந்த இடத்தில் பிள்ளை கையை உருவிக்கொண்டு போய்விட்டது. அன்றைக்கு மைக்கில் இருந்த ஆள் பிள்ளையின் பெயரைச் சொல்லி, "எங்கிருந்தாலும் உடனே வரவும்! உடனே வரவும்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். கத்தக் கத்தக் கூட்டம் பரபரத்தது. பார்க்கிற பெண் குழந்தையை எல்லாம் பிடித்து இழுத்தார்கள். முக்கால் மணி நேரம் ஆகியும் ஆளைக் காணோம். கடைசியில் அவள் மைக்கை வாங்கி, வீட்டில் பேசுகிற மாதிரி பேசினாள்.

"மஞ்சள் பூட்ஸ் போட்ட பாப்பா, அம்மா பேசறேன். யாரும் உன்னைத் திட்டல. அம்மாதான் தொலைஞ்சு போயிட்டேன். பெரிய மரத்துக்குக் கீழ அழுதுட்டு நிக்கறேன். கொஞ்சம் வந்து என்னைக் கூட்டிட்டுப் போறியா?"

மரத்தைச் சுற்றிக் கட்டியிருந்த சிவப்புத் துணிக்கு உள்ளேயிருந்து இரண்டு மஞ்சள் பூட்ஸ் வெளியே வந்தன. பிள்ளை அவ்வளவு நேரமும் அங்கேதான் இருந்திருக்கிறது. தன்னைப் பிடித்து அடிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சந்தைச் சங்கத்துச் செயலாளர், "அடுத்த வருஷம் நீங்களே வந்து பேசுங்கம்மா" என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அந்தச் சந்தையில் குழந்தைகள் தொலைவதே இல்லை. அம்மாக்களும் அப்பாக்களும்தான் தொலைந்தார்கள். "கட்டம் போட்ட சட்டைத் தம்பி, உங்கப்பா வழி தெரியாம முழிச்சுட்டு நிக்கறாரு, வந்து காப்பாத்துப்பா" என்பாள். பையன் மார்பை நிமிர்த்திக்கொண்டு வருவான். அழுதுகொண்டு வந்த பிள்ளையை அவள் பார்த்ததே குறைவு. புருஷன்மார் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் குறும்பு. கடைசுற்றக் கூப்பிட்டால் நைசாக நழுவி டீக்கடைப் பக்கம் ஒதுங்கிவிடும் ஆட்கள் எந்த ஊரிலும் உண்டு. "கையில ஏழு பையோட டீ குடிச்சுட்டு நிக்கற ஐயா, உங்க வீட்டம்மா எட்டாவது பையோட இங்க காத்திருக்காங்க" என்று ஒலிபெருக்கியில் வரும். சந்தை முழுக்க டீ குடித்துக்கொண்டிருக்கும் எல்லா ஐயாவும் அவசர அவசரமாகப் பையை எண்ணிப் பார்ப்பார்கள்.

அவளுடைய புருஷன் நகரப் பேருந்து ஓட்டுநர். ஷிஃப்ட் முடிந்ததும் ஃபிளாஸ்க்கில் டீயோடு வந்து, கூண்டின் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். "நாளெல்லாம் பஸ்ல கூட்டம், இங்கயும் கூட்டம்" என்று ஒரு பாட்டம் அலுத்துக்கொள்வார். ஆனால் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை.

அது நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மூன்றே நாள் இருந்தது. கடைசி ஞாயிறு என்றால் சொல்லவா வேண்டும்? ஊரே திரண்டு வந்த மாதிரி இருந்தது. எள் போட்டால் எள் விழாது. ஐந்தரை மணி. வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. புருஷன் ஃபிளாஸ்க்கை வைத்துவிட்டு, "வீட்டுக்கு ரெண்டு மெழுகுவர்த்தி வாங்கிட்டு வந்துடறேன்" என்று இறங்கிப் போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். சந்தையின் எலக்ட்ரீஷியன் ஆறு படியையும் இரண்டே எட்டில் தாண்டி உள்ளே வந்தார். அவர் வலது கை சிவந்து கன்றிப்போயிருந்தது.

"அக்கா, மெழுகுவர்த்திச் சந்துல தீ. கடைக்குப் பின்னால ஒயர் உருகி அட்டைப்பெட்டியில பிடிச்சுருச்சு. தீயணைப்புக்குச் சொல்லியாச்சு. ட்ராஃபிக்ல அவங்க வர எப்படியும் பத்து நிமிஷம் ஆகும்."

அவர் பின்னாலேயே செக்யூரிட்டித் தலைவரும் வந்து நின்றார். பெரிய மீசைக்காரர். "சீக்கிரம் அறிவிச்சுடுங்க" என்று சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். எல்லா வருஷமும் ஒட்டுகிற தாள்தான். 'தீ விபத்து ஏற்பட்டுள்ளது. அனைவரும் உடனடியாக அருகிலுள்ள வாசல் வழியாக வெளியேறவும்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

மைக்கக்கா மைக்கைத் தொடவில்லை. கண்ணாடி வழியே பார்த்தாள். மெழுகுவர்த்திச் சந்து பெரிய வாசலை ஒட்டி இருந்தது. முக்கால்வாசிப் பேருக்குத் தெரிந்த ஒரே வாசல் அதுதான். இரண்டு தள்ளுவண்டி சேர்ந்தாற்போல் நுழைய முடியாது. நடுவில் பை சோதிக்கிற மேஜை வேறு. வெளியிலிருந்து இன்னும் ஆட்கள் உள்ளே வந்துகொண்டே இருந்தார்கள், குழந்தை வண்டிகளோடு. தீ என்ற ஒரு சொல் காதில் விழுந்தால் இந்த நாலாயிரம் பேரும் எங்கே பாய்வார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு தடவை ஏதோ கச்சேரி நெரிசலில் மிதிபட்டவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தபோது, டோக்கன் எண் இல்லாமல் அவர்களைக் கூப்பிட்டவள் அவள். அன்றைக்குக் கூப்பிட்டதற்கு எழுந்து வராதவர்களும் இருந்தார்கள்.

"கரண்ட்டை மொத்தமா நிறுத்தாதீங்க" என்றாள் எலக்ட்ரீஷியனிடம். "அந்தச் சந்துக்கு மட்டும் நிறுத்துங்க. எல்லா இடமும் இருட்டாச்சுன்னா ஜனம் ஓட ஆரம்பிச்சுடும்." பிறகு மீசைக்காரரிடம் திரும்பினாள். "அண்ணா, பெரிய வாசல்ல உள்ள வர்றவங்களை நிறுத்துங்க. தெற்கால சரக்கு லாரி வர்ற கேட்டு இருக்குல்ல, அதை ரெண்டு கதவும் விரியத் திறந்து வைங்க. ஜனத்தை நான் அங்க அனுப்பறேன்."

"தாள்ல அப்படி இல்லையேம்மா."

"தாள் எழுதினவர் இந்த ஜன்னல்ல நின்னு பார்க்கலைண்ணா. போங்க."

அவர் போனார். போகிற வேகத்தில் தொப்பி கீழே விழுந்தது. திரும்பி எடுக்கவில்லை.

அவள் எப்போதும் பேசும்போது செருப்பைக் கழற்றிவிடுவாள். அன்றைக்கும் கழற்றினாள். ஒரு மடக்கு தண்ணீர் குடித்தாள். மைக்கைத் தட்டினாள்.

"அன்பான வாடிக்கையாளர்களுக்கு ஒரு சந்தோஷமான செய்தி. நம்ம கிறிஸ்துமஸ் தாத்தா இன்னைக்கே வந்துட்டாரு. தெற்குப் பக்கம் சரக்கு கேட்டு வெளிய, வண்டி நிறைய பரிசோட நிக்கறாரு. வர்ற ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பரிசு உண்டு. பெரியவங்க குழந்தை கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வாங்க. முதல்ல மெழுகுவர்த்திச் சந்துல இருக்கறவங்க, அடுத்தது நட்சத்திரச் சந்துல இருக்கறவங்க. ஒரு நிபந்தனை. தாத்தாவுக்கு வயசாயிடுச்சு, அவருக்கு இடிச்சுத் தள்ளறது பிடிக்காது. ஓடி வர்றவங்களுக்குப் பரிசு கிடையாது. நடந்து வர்றவங்களுக்கு மட்டும்தான். கடைக்காரங்களும் அடுப்பு, விளக்கை அணைச்சுட்டுத் தாத்தாவைப் பார்க்க வந்துடுங்க."

கடைக்காரர்களுக்குச் சுருக்கென்றது. தாத்தா வருவது இருபத்து நாலாம் தேதிதான். இத்தனை வருஷத்தில் அது மாறினதே கிடையாது. வியாபாரம் சூடு பிடித்திருக்கும் நேரத்தில் அடுப்பை அணைக்கச் சொல்கிறாள் என்றால் விஷயம் பெரிசு. ஒவ்வொருவராக அடுப்பை அணைத்து, படுதாவை இறக்கி, வாடிக்கையாளர்களை முன்னால் விட்டுப் பின்னால் நடந்தார்கள்.

கூட்டம் மெல்லத் திரும்பியது. பிள்ளைகள் அப்பா அம்மாவை இழுத்தார்கள். ஒரு குட்டிப் பையன் ஓடப் பார்த்த தன் அப்பாவின் சட்டையைப் பிடித்து, "நடப்பா, நடப்பா, கிடைக்காமப் போயிடும்" என்று அழும் குரலில் கெஞ்சினான். மைதானத்தில் அவ்வளவு பேரையும் கட்டிப்போட்டது அந்த ஒரு நிபந்தனைதான்.

மெழுகுவர்த்திச் சந்துக்குப் பின்னால் கறுப்பாகப் புகை எழும்பியது. இரண்டு கடைக்காரர்களும் மெழுகுவர்த்திக்காரம்மாவும் தீயணைப்பு சிலிண்டரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மெழுகு உருகி ஓடிப் பிடிக்கிற தீ அதற்கெல்லாம் அடங்குமா? காற்று நல்லவேளையாக மறுபக்கம் வீசியது. மைக்கக்காவின் கண் அந்தச் சந்திலிருந்து வருகிற ஒவ்வொரு தலையையும் தேடியது. புருஷனைக் காணவில்லை. அவர் பெயரைச் சொல்லி ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும். கூப்பிட்டால் குரல் உடைந்துவிடும். உடைந்தால் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். அவள் கூப்பிடவில்லை.

வாய் ஓயாமல் பேசினாள். பேச்சு நின்றால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், பார்த்தால் புகை தெரியும். சொல்ல விஷயம் தீர்ந்ததும் அலமாரியைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தாள். "நம்ம கிட்ட ஒரு நீலக் குடை இருக்கு. ஒரு இடது கை உறை இருக்கு. வலது கை உறை வெச்சிருக்கறவங்க நாளைக்கு வாங்க. மேல் வரிசைப் பல் செட்டு ஒண்ணு நாலு நாளா இங்க சிரிச்சுட்டு இருக்கு. பல்லு இல்லாம எப்படிக் கேக் சாப்பிடப்போறீங்க?" கூட்டம் சிரித்துக்கொண்டே நடந்தது. காற்று சற்றுத் திரும்பியது, புகை கூண்டுக்குள் வந்தது. புடவைத் தலைப்பை நனைத்து மூக்கில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அதை எடுத்துவிட்டுப் பேசினாள்.

பன்னிரண்டு நிமிஷம். தெற்குக் கேட்டிலிருந்து மீசைக்காரர் இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டிக் காட்டினார். தீயணைப்பு வண்டியின் மணிச் சத்தம் கேட்டது. அப்போதுதான் அவள் மைக்கை அணைத்தாள். செருப்பு எங்கே என்று தேடத் தோன்றவில்லை. படி இறங்கியவளை யாரோ தோளில் கை கொடுத்துப் பிடித்தார்கள். அவள் புருஷன். முகமெல்லாம் கரி.

"எங்கங்க போனீங்க?" என்றாள்.

"அந்தச் சந்துலதான் இருந்தேன். கடைசி ஆள் வரைக்கும் நகர்த்திவிட்டுட்டு வரேன். பஸ்ல 'உள்ள போங்க, உள்ள போங்க'ன்னு சொல்லிப் பழக்கம்தானே."

"தீன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நீ ஆரம்பிச்சப்பவே தெரிஞ்சுது. அன்பான வாடிக்கையாளர்களுக்குன்னு என்னைக்காவது பேசியிருக்கியா? பொய் சொல்றப்ப மட்டும்தான் உனக்கு இவ்வளவு மரியாதை வரும்."

பதினேழு கடைகள் எரிந்து போயின. ஒரு குழந்தைக்குக்கூடச் சிராய்ப்பு இல்லை. எலக்ட்ரீஷியனின் கை மட்டும் கட்டுப் போட்டு இரண்டு வாரம் தொங்கியது. கேட்டுக்கு வெளியே நின்ற ஜனம் தீயைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்து, பிள்ளைகளை வாரி அணைத்துக்கொண்டது. "பொய் சொல்லி ஏமாத்திட்டீங்களே, என் மனைவி பை உள்ள மாட்டிக்கிச்சு" என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். அவருடைய மனைவியே அவர் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனாள். பிள்ளைகளுக்குத் தீயைப் பற்றிக் கவலை இல்லை. "தாத்தா எங்க?" என்று நூறு தடவையாவது அவளிடம் கேட்டிருப்பார்கள்.

மறுநாள் காலை சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். விதிப்படி அறிவிக்காததற்கு அவளிடம் விளக்கம் எழுதி வாங்க வேண்டும் என்று செயலாளர் தொடங்கினார். வந்திருந்த தீயணைப்பு அதிகாரி குறுக்கே பேசினார். "சார், நான் இருபது வருஷமா எரிஞ்ச இடத்துக்கெல்லாம் போறேன். கூட்டம் இருந்த இடத்துல இருந்து ஸ்ட்ரெச்சர் இல்லாம திரும்பினது நேத்துதான். இந்தம்மாகிட்ட விளக்கம் கேட்டா, அதை எங்களுக்கும் ஒரு காப்பி கொடுங்க. படிச்சுக்கறோம்."

செயலாளர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "சரி, உங்களுக்கு ஏதாவது சொல்லணுமாம்மா?"

"சொல்லணும் சார்" என்றாள் மைக்கக்கா. "நான் பிள்ளைங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன். ஆளுக்கொரு பரிசு தர்றதாச் சொல்லியிருக்கேன். அதைக் கொடுத்தாகணும்."

"சந்தையையே மூடியாச்சு. என்னம்மா பேசறீங்க?"

"பெரியவங்க மறந்துடுவாங்க. குழந்தைங்க மறக்காது. அடுத்த தடவை நான் நடங்கன்னு சொன்னா யாரு நடப்பாங்க?"

பொம்மைக் கடைக்காரர் எழுந்து, "என் கடையில நூறு பொம்மை" என்றார். தொப்பிக் கடைக்காரி, "குழந்தைத் தொப்பி அத்தனையும்" என்றாள். எரியாமல் தப்பிய ஒவ்வொரு கடையும் ஏதோ ஒன்றைச் சொன்னது. மெழுகுவர்த்திக்காரம்மா மட்டும் பேசாமல் எழுந்து போய்விட்டாள். பாவம், அவளிடம் கொடுக்க என்ன இருக்கிறது என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

இருபத்து நாலாம் தேதி காலை பத்து மணிக்கு, சரக்கு கேட்டுக்கு வெளியே நீள மேஜைகள் போட்டார்கள். உள்ளூர் வானொலியில் செய்தி சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு வந்த குழந்தை யார், வராத குழந்தை யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று செயலாளர் கேட்டதற்கு, "கண்டுபிடிக்க வேண்டாம் சார், இப்ப வந்த குழந்தை வந்த குழந்தைதான்" என்று அவள் சொல்லிவிட்டாள். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷக்காரர் ஒன்பது மணிக்கே தாடியோடு வந்து உட்கார்ந்துவிட்டார். மெழுகுவர்த்திக்காரம்மா ஒரு தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். எரிந்த கடையில் பாளம் பாளமாகக் கிடந்த மெழுகை எல்லாம் வழித்தெடுத்து, மறுபடி உருக்கி வடிகட்டி, காகிதக் கப்பில் ஊற்றித் திரி வைத்திருந்தாள். எல்லா நிறமும் கலந்து, கத்திரிக்காய்க்கும் காப்பிப்பொடிக்கும் நடுவில் ஒரு நிறம். முந்நூறுக்கு மேல் இருந்தது. அரை மணி நேரத்தில் தீர்ந்துபோனது முதலில் அதுதான்.

வரிசையில் ஏழு வயது இருக்கும் ஒரு பெண் பிள்ளை, தன் முறை வந்ததும் நகராமல் நின்றாள். தாத்தாவிடம் போகாமல் மைக்கக்காவின் பக்கம் வந்தாள்.

"ஆன்ட்டி, அன்னைக்கு நான் கொஞ்சம் ஓடிட்டேன். கடைசியிலதான். எனக்குக் கிடைக்குமா?"

பின்னால் நின்ற அவளுடைய அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். மைக்கக்கா குனிந்து பிள்ளையின் காதோடு கேட்டாள். "எத்தனை அடி ஓடினே?"

பிள்ளை விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தது. "ஆறு."

"ஏழு வரைக்கும் மன்னிப்பு உண்டு. போ, வாங்கிக்கோ."

பன்னிரண்டு நிமிஷமும் உடையாத குரல் அந்த இடத்தில் உடைந்தது. அவள் கொஞ்ச நேரம் மேஜைக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். புருஷன் ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றி நீட்டினார்.

மூன்று மணிக்கு மேஜையில் ஒன்றும் மிச்சமில்லை. தப்பிய கடைகள் மைதானத்துக்கு வெளியே சாலை ஓரத்திலேயே படுதா விரித்துக் கடைசி நேர வியாபாரத்தைத் தொடங்கிவிட்டன. "உன் செருப்பு தொலைஞ்சே போச்சு, இன்னைக்கு ஒண்ணு வாங்கலாம் வா" என்று புருஷன் கூப்பிட்டார். பதினோரு வருஷத்தில் அவள் அந்தச் சந்தையில் ஒரு நாள்கூட வாடிக்கையாளராக நடந்து பார்த்ததில்லை. இரவல் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு படுதாவிலும் நின்று, ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்தாள். மகளுக்கு ஒரு பச்சை மப்ளர். மரத்தில் தொங்கவிட இரண்டு கண்ணாடி மணி. செருப்புக் கடைக்காரர் காசு வாங்கமாட்டேன் என்றார், அவள் கொடுக்காமல் போகமாட்டேன் என்றாள். ஆளாளுக்குக் கையைத் தள்ளித் தள்ளி, கடைசியில் அவர் காசை வாங்கிக்கொண்டு ஒரு ஜோடி கம்பளி சாக்ஸைப் பையில் திணித்துவிட்டார். புதுச் செருப்பு லேசாகக் கடித்தது.

திடீரென்று ஒலிபெருக்கி அலறியது. மைக் பிடிக்க ஆளில்லாமல் செயலாளரே கையில் எடுத்திருந்தார். "ஒரு சாவிக்கொத்து கண்டெடுக்கப்பட்டுள்ளது! உரியவர் உடனடியாக வரவும்! உடனடியாக வரவும்!" சாலையில் போகிறவர்கள் எல்லோரும் திடுக்கிட்டுத் தங்கள் பாக்கெட்டைத் தடவினார்கள். மைக்கக்கா நடந்துகொண்டிருந்தவள் நின்றுவிட்டாள். கால் அந்தப் பக்கம் திரும்பியது.

"இன்னைக்கு நீ கஸ்டமர்" என்றார் புருஷன், அவள் முழங்கையைப் பிடித்து. "நட. கேக் கடையைப் பார்க்கவே இல்லை இன்னும்."

அவள் சிரித்துவிட்டுக் கேக் கடைப் பக்கம் திரும்பினாள்.